வடக்கு பார்த்த ரன்வே

காரை அங்கே நிறுத்தாதீங்க. அங்கே விமானம் வரும். இல்லை, அங்கேயும் வரும். இப்படி, இந்த வேப்பமரத்துக்கு அடியில் விடுங்க. இங்கேயும் ஒரு தடவை வந்தது, ஆனால் மரம் தாங்கிக்கொண்டது. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

வாங்க, வாங்க. பையனைச் சேர்க்க விசாரிக்க வந்திருக்கீங்க, சரிதானே? முகத்தைப் பார்த்தாலே தெரியும். எந்த ஊருங்க? ஒட்டன்சத்திரமா! நல்ல ஊர். காய்கறி மார்க்கெட்டுக்கு வந்திருக்கேன். பையன் பன்னிரண்டாவது முடித்துவிட்டான், விமானம்தான் ஓட்டுவேன் என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறான், அம்மா அழுகிறாள், நீங்க ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பி வந்திருக்கீங்க. எல்லா வீட்டிலும் இதே கதைதான். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அதோ மேலே பாருங்க. வெள்ளையாக, காக்காய் அளவுக்கு. அது என் பெண்ணு. கோகிலவாணி. தனியாக ஓட்டுகிறாள்! பக்கத்தில் யாரும் இல்லை. கரூர் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறாள்.

ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறாளா? இறங்குவாள், இறங்குவாள். காற்று கொஞ்சம் இருக்கிறது இல்லையா. உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், பறந்துவிடும். இந்த பெஞ்சில் உட்காருங்க.

நான் நாச்சிமுத்து. இந்த விமானப் பள்ளிக்கு முதலாளி என் மச்சான் திருமூர்த்தி, என் சம்சாரத்தின் அண்ணன். நிலம் அவருடையது, பணம் அவருடையது, திசை என்னுடையது. திசை என்றால் புரியவில்லையா? வாஸ்து. நான் நூற்பாலையில் இருந்தபோதே படித்தது. உடுமலை சுற்றுவட்டாரத்தில் எத்தனை வீட்டு வாசலை நான் திருப்பியிருக்கிறேன் தெரியுமா? ஒரு கல்யாண மண்டபத்தின் சமையற்கட்டையே இடம் மாற்றினேன். அதற்கப்புறம் அங்கே சாம்பார் தீய்ந்ததே இல்லை.

இந்த ரன்வே போடும்போது என்ஜினியர் ஒருத்தர் வந்தார். சின்ன வயது. முளைக்குச்சி எல்லாம் அடித்துவிட்டார். எப்படி? கிழக்கு மேற்காக!  "தம்பி, கிழக்கிலிருந்து மேற்கே பார்த்து விமானம் இறங்கினால் மூக்கு எங்கே போகும்? மேற்கு, சனியின் திசை ஆயிற்றே" என்றேன். அவர் என்னமோ பாலக்காட்டுக் கணவாய், மேல்காற்று, மேற்கே இருந்து நாலு மாசம் ஒரே திசையில் அடிக்கும், விமானம் காற்றுக்கு முகம் காட்டித்தான் இறங்க வேண்டும் என்று சொன்னார். படித்த பிள்ளை, மரியாதையாகத்தான் சொன்னார். நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் என்னைப் பார்த்தார். அன்றைக்குச் சாயங்காலமே கயிற்றைப் பிடித்து வடக்கு தெற்காகத் திருப்பிவிட்டோம். தெற்கே இருந்து வந்து வடக்கு நோக்கி இறங்கணும், வடக்கு நோக்கியே ஏறணும். தெற்கு நோக்கி எந்த வண்டியும் கிளம்பக்கூடாது, அது யமன் திசை. வடக்கு குபேரன். எவ்வளவு சுத்தமான கணக்கு!

அதனால்தானுங்க இத்தனை விபத்திலும் ஒரு உயிர் போகவில்லை.

இல்லை இல்லை, விபத்து என்று சொன்னது வாய் தவறி. இறக்கம். இறக்கத்தில் சில வகை உண்டு. அவ்வளவுதான்.

இந்த வருஷம் ஆனி பிறந்ததிலிருந்தே காற்று கொஞ்சம் வேகம். முதல் இறக்கம் எங்கள் குரியன் சாருடையது. அதோ ஷெட் வாசலில் வயர்லெஸ்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான் இங்கே பயிற்சி கொடுக்கிறவர். பட்டாளத்தில் விமானம் ஓட்டியவர். பாலக்காட்டுக்காரர். நல்ல மனுஷன், ஆனால் ஒரே மூடநம்பிக்கை. எதைக் கேட்டாலும் காற்று, காற்று, காற்று. அவர் வடக்கு நோக்கி அழகாகத்தான் வந்தார். தரைக்குப் பக்கத்தில் வந்ததும் மேற்கே இருந்து ஒரு வீச்சு. மேற்குப் பக்கத்து இறக்கை தூக்கிக்கொண்டது, கிழக்குப் பக்கத்து இறக்கை நுனி ரன்வேயில் உரசிக் கோடு போட்டுக்கொண்டே வந்தது. விமானம் நமஸ்காரம் செய்கிறது என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மனுஷன் இறங்கி வந்து, "எந்தா சாரே இது! காற்று ஒரு பக்கம், ரன்வே ஒரு பக்கம்! நான் என்ன, விமானம் ஓட்டறதா, வண்டிமாடு ஓட்டறதா?" என்று கத்தினார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குரியன் சார், இந்தக் காற்று எங்கே இருந்து வருது? உங்க ஊரிலிருந்து. உங்க ஊர்க் காற்றை முதல்ல நீங்க கண்டிச்சு வைங்க" என்றேன். மனுஷன் தொப்பியைத் தூக்கித் தரையில் அடித்தார். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதையும் நான்தான் வெங்காயக் காட்டில் தேடிக் கொடுத்தேன்.

பாருங்க, வாணி வருகிறாள்! தெற்கே பாருங்க. ஆமாம், இறக்குகிறாள். மூக்கு ஏன் மேற்கே திரும்பியிருக்கிறது என்று கேட்கிறீர்களா? அது ஒரு முறை. நண்டு மாதிரி கோணலாகவே வரணும், கடைசி நொடியில் நேராக்கணும். குரியன் சார் சொல்லிக் கொடுத்தது. நண்டு கோணலாக நடந்தாலும் வளைக்குள்தானே போகிறது? வாடா, வாடா கண்ணு, வா, வா...

தூக்கிவிட்டாள். பரவாயில்லை. மறுபடி ஏற்றிவிட்டாள். அதுதான் சரி. நல்ல பயிற்சி. பார்த்தீங்களா, என்ன சத்தமாக ஏறுகிறது!

எங்கே விட்டேன்? வெங்காயக் காடு. கிழக்கே அந்த வேலிக்கு அப்பால் பாவாத்தாளுடைய சின்ன வெங்காயக் காடு, அதை ஒட்டிப் பொம்பளைங்க தேங்காய் நார் காயவைக்கிற அவளுடைய களம். இரண்டாவது இறக்கம் அந்தக் காட்டில்தான். மதுரைப் பையன் ஒருத்தன், சரியாக ரன்வேக்கு மேலேதான் வந்தான், சத்தியமாக ரன்வேக்கு மேலேதான். ஆனால் சக்கரம் தரையைத் தொட்ட இடம் வெங்காயம். காற்று நடுவில் நகர்த்திவிட்டது. பாவாத்தாள் வரப்பில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏனுங்க வாஸ்து அண்ணா, உங்க தும்பி எங்க காட்டுல மேய வந்திருக்குதுங். கட்டிப்போட்டு வளக்கறதில்லீங்களா?"

மூன்றாவது தடவை வந்தபோது அவளே வேலிப்படலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டாள். "வர்றவங்க வந்துட்டுப் போகட்டுங், ஒவ்வொரு தடவையும் வேலிய ஒடைக்கறதுக்கு இது தேவலாம்." பாருங்க, எவ்வளவு நல்ல அண்டை அயல். உங்க பையனுக்கு இங்கே ஒரு குறையும் வராது.

பரிகாரம் செய்யவில்லையா என்று கேட்பீங்க. செய்யாமல் இருப்பேனா? கண் திருஷ்டி என்று எனக்கு அப்போதே தெரியும். அத்தனை பேர் ரோட்டில் பைக்கை நிறுத்தி வாயைப் பிளந்து பார்க்கிறார்கள், திருஷ்டி படாமல் என்ன செய்யும்? பூசணிக்காயில் முகம் எழுதி ஷெட்டில் கட்டினேன். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோர்த்து விமானத்தின் மூக்கில் கட்டினேன். காற்றாடி சுற்ற ஆரம்பித்ததும் எலுமிச்சம்பழம் நேராகப் போய் மச்சான் திருமூர்த்தியின் கண்ணுக்கு மேலே பட்டது. மச்சான் மேல் எவ்வளவு திருஷ்டி இருந்திருக்கிறது பாருங்க!

அப்புறம் கன்னி மூலை. தென்மேற்கு மூலை எப்போதும் உயரமாக, கனமாக இருக்கணும். இங்கே அது வெறும் பொட்டலாகக் கிடந்தது. அதுதான் கோளாறு என்று பிடித்துவிட்டேன். இடித்த வீட்டுக் கான்கிரீட், பாறாங்கல், எல்லாவற்றையும் டிராக்டரில் கொண்டு வந்து குவித்தேன். அடுத்த வாரம் ஒரு வண்டி இறங்கியது. சக்கரம் பட்டதும் வெட்டென்று காற்றுக்கு மூக்கைத் திருப்பிக்கொண்டு நேராக அந்தக் கல் குவியல்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஓட்டியவருக்கு ஒரு கீறல் இல்லை. குரியன் சார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான்தான் அவருக்குத் தைரியம் சொன்னேன்: "யோசிச்சுப் பாருங்க, கன்னி மூலை இன்னும் கனமாயிடுச்சு."

சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிங்க. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறார்கள். அம்மி பறக்கலாமாம், விமானம் கொஞ்சம் நகரக் கூடாதாம்!

தூரத்தில் காற்றாலைகள் தெரிகிறதா? வரிசையாக அத்தனையும் மேற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கின்றன. ஒன்றாவது வடக்கு பார்க்கிறதா? வாஸ்து தெரியாத கம்பெனிகள். வாயு மூலை என்பது வடமேற்கு. காற்று அங்கே இருந்துதான் வரணும். சாஸ்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது. இந்தக் காற்று தப்பான மூலையிலிருந்து வந்துகொண்டிருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

திரும்பி வருகிறாள். இந்தத் தடவை இறக்கிவிடுவாள். என் பெண்ணு. மற்றவர்கள் வேறு, இவள் வேறு. பேசாமல் பாருங்க.

ஒரு சக்கரம் பட்டது! பட்டதுதானே? நீங்களும் பார்த்தீங்கதானே? இறக்கை... இறக்கை தூக்குகிறது, ஐயோ, சாய்கிறதே, வாணி, கண்ணு, எடு, எடு, எடு...

எடுத்துவிட்டாள்.

எடுத்துவிட்டாள். மேலே போய்விட்டாள். கொஞ்சம் தண்ணி இருக்குங்களா? எனக்கில்லை, உங்களுக்குக் கேட்டேன். முகமெல்லாம் வெளுத்திருக்கிறது உங்களுக்கு.

காலையிலேயே போய்விட்டு வந்திருக்கலாம், அதுதானே கேட்கிறீங்க? குரியன் சாரும் அதைத்தான் சொன்னார். விடிந்ததும் காற்று அசையாது, அப்போதே அனுப்பணும் என்றார். ஆனால் இன்றைக்குத் திங்கள்கிழமை. காலையில்தான் ராகு காலம். போகும்போது ராகு காலத்துக்கு முன்னால் கிளம்பிவிடலாம், சரி. ஆனால் நடுவழியில் ஆகாசத்தில் ராகு காலம் வந்தால்? பெற்ற அப்பன் நான், விடுவேனா? ஷெட்டைப் பூட்டி வைத்துவிட்டேன். ராகு காலம் முடிந்த பிறகுதான் திறந்தேன். வாணி விமானத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தாள். குரியன் சார் அவளிடம், "பெண்ணே, போனவுடனே திரும்பு, ஒரு இடத்திலும் நிற்காதே" என்றார். அப்போது காற்று இவ்வளவு இல்லை. சத்தியமாக இல்லை. இலைகூட ஆடவில்லை. கரூரிலிருந்து வரும்போது எதிர்க்காற்று. அதுதான் நேரமாகிவிட்டது.

குரியன் சார் வருகிறார். ஏன் ஓடி வருகிறார்? அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"என்ன சார்? ... கோயமுத்தூருக்குத் திருப்பி விடுங்க. பெரிய ஏர்போர்ட்டில் இறங்கட்டும் ... பெட்ரோல் போதாதா? எப்படிப் போதாது? போட்டுத்தானே அனுப்பினோம்? ... எதிர்க்காற்றில் தீர்ந்ததா?"

கேட்டீங்களா? எதிர்க்காற்றில் தீர்ந்துவிட்டதாம். இன்னும் ஒன்றோ இரண்டோ சுற்றுதான் தாங்குமாம்.

வயர்லெஸ்ஸில் அவள் குரல். சும்மா இருங்க. கேட்கணும் எனக்கு.

"அங்கிள், அப்பா பக்கத்துல இருக்காரா?"

இருக்கேன் கண்ணு, இங்கேதான் இருக்கேன், சொல்லுங்க சார் அவளிடம், நான் இங்கேதான்...

"அவர்கிட்ட எதுவும் கேக்க வேண்டாம் அங்கிள். ரன்வேல எறங்க முடியாது. பாவாத்தாக்கா நார்க் களத்துல எறங்கறேன். நீளமா, கெட்டியா இருக்கு. கிழக்கே இருந்து வந்து மேக்கு பாத்து. காத்துக்கு நேரா. களத்தைக் காலி பண்ணச் சொல்லுங்க."

மேற்கு பார்த்தா?

மேற்கு... குரியன் சார், அவள் மேற்கு பார்த்து என்கிறாள். சனியின்... அது...

ஏன் இப்படி என்னைப் பார்க்கிறீங்க இரண்டு பேரும்?

மேற்கு பார்த்தால் மேற்கு! இறங்கச் சொல்லுங்க! என்னை என்ன கேட்கிறீங்க, இறங்கச் சொல்லுங்க! ஓடுங்க! நீங்களும் வாங்க, ஒட்டன்சத்திரக்காரரே, காரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வாங்க! இந்த வழியாக, வெங்காயத்தை மிதித்தால் பரவாயில்லை, மிதிங்க! செருப்பு போனால் போகட்டும்!

பாவாத்தா! ஏம்மா பாவாத்தா! எல்லாரையும் களத்தை விட்டு வெளியே போகச் சொல்லு! வாணி வர்றா! ... ஆமாம், விமானம்தான்! ... இல்லை, இந்தத் தடவை தெரிந்தேதான் வர்றா!

இந்த நாரை இழுங்க. அந்தப் பக்கத்து முனையைப் பிடிங்க. தேங்காய் நார்தானே, கனமே இல்லை, இழுத்தால் வரும். காற்று நமக்கு முன்னாலேயே பாதியைத் தள்ளிவிட்டது, நல்ல காற்று, நல்ல காற்று! வண்டியைத் தள்ளு தாயி, அந்தச் சட்டியைத் தூக்கு! கடப்பாரை! யாரம்மா கடப்பாரையை இங்கே போட்டது? ஐயா, நீங்க வேட்டியை மடித்துக் கட்டுங்க, தடுக்கி விழுந்துவிடப் போறீங்க. என் துண்டு எங்கே? போகட்டும், பறக்கட்டும். எல்லாம் பறக்கட்டும், அவள் மட்டும் இறங்கட்டும்.

"ஏனுங்க அண்ணா, புள்ள எந்தப் பக்கமிருந்துங் வருது?"

கிழக்கே பாரு பாவாத்தா, கிழக்கே! அதோ தென்னந்தோப்புக்கு மேலே!

எல்லாரும் வரப்பில் உட்காருங்க. தலையைக் குனிந்துகொள்ளுங்க. நான் குனிய மாட்டேன்.

பாருங்க. பாருங்க ஐயா. மூக்கு நேராக இருக்கிறது. கோணல் இல்லை. நண்டு இல்லை. இறக்கை இரண்டும் ஒரே மட்டத்தில், தராசு மாதிரி. எவ்வளவு மெதுவாக வருகிறது! நின்றுவிட்டதோ? காற்றே கையில் ஏந்திக்கொண்டு வருகிற மாதிரி. சாய்ந்துவிடும் என்று பார்த்தால் சாயவில்லை. எனக்குத் தெரியாதுங்க இது. விமானம் இப்படியும் இறங்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் முகம் தெரிகிறது பாருங்க, கண்ணாடிக்குப் பின்னால். உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். கணக்குப் போடும்போதும் அப்படித்தான் கடிப்பாள்.

பட்டது.

இரண்டு சக்கரமும் பட்டது! ஓடுகிறது, ஓடுகிறது, நார்த் தூசு, ஒன்றும் தெரியவில்லையே, பாவாத்தா, உனக்குத் தெரிகிறதா, சொல்லம்மா, எங்கே...

நின்றுவிட்டது. சத்தம் நின்றுவிட்டது.

ஐயோ, நான் உட்கார்ந்துகொள்கிறேன். பிடிங்க, கொஞ்சம் பிடிங்க.  குரியன் சார் எங்கே? அழுகிறாரா? பட்டாளத்துக்காரர், அழட்டும், அழட்டும். யாரோ சிரிக்கிறார்களே? நானா? நான்தானா சிரிக்கிறேன்? வயிறு வலிக்கிறதுங்க, நிற்க மாட்டேன் என்கிறது. அந்தப் பொம்பளைங்க எல்லாம் தலையெல்லாம் நாராக நிற்பதைப் பாருங்க, நரசிம்மர் மாதிரி! நீங்களும்தான்! உங்க மீசை எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை!

உங்க பையனைச் சேருங்க. தைரியமாகச் சேருங்க. பார்த்தீங்க இல்லையா, எங்கள் மண்ணின் ராசி. நான் அன்றைக்கே சொன்னேன், இந்த இடத்தில்...

"ஏனுங்க வாஸ்து அண்ணா, புள்ள எந்த மூலைல எறங்கியிருக்குதுங்? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்."

சொல்கிறேன் பாவாத்தா, சொல்கிறேன். இரு. அதோ தோப்பு. தோப்பு இந்தப் பக்கம் என்றால்... இல்லை, நாம் ஓடி வந்தது இப்படி. அப்படியானால் ரன்வே...

ஐயா, ஒரு நிமிஷம். சிரிக்காதீங்க. தலை சுற்றுகிறது, நிஜமாகத்தான் கேட்கிறேன். வடக்கு எந்தப் பக்கமுங்க?

சரி, அது கிடக்கட்டும். கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது. இந்தத் தூசியில் ஒன்றுமே தெரியவில்லை. அவள் இறங்கி எந்தப் பக்கமாக நடந்து வருகிறாள், அதை மட்டும் சொல்லுங்க.